ஹாரன் இல்லாமல் திருவதிகைக்கு

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, மனைவியிடம் 'முடியாது' என்று சொல்லிவிடுவது என்று சிவப்பிரகாசம் முடிவு செய்தார். கண்ணாடியைப் பார்த்து இரண்டு தரம் சொல்லியும் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் அந்தத் தைரியம் பற்பசை நுரையோடு சேர்ந்து குழாய்க்குள் இறங்கிவிட்டது.

அவரைக் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நெய்வேலிச் சுரங்கத்து வண்டி ஒர்க்‌ஷாப்பில் அவர் போர்மேன். மாடிவீட்டு உயரத்துக்கு நிற்கும் டம்பர் லாரிகள்கூட, அவர் பக்கத்தில் போய்க் காது கொடுத்தால், மறைக்காமல் தங்கள் கோளாறைச் சொல்லிவிடும். பெரிய அதிகாரியிடமே, "இந்த வண்டி இன்னைக்குப் போகாது சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். அந்தக் குரல் வீட்டு வாசற்படி வரைக்கும் கூடவே வரும். செருப்போடு அதையும் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்.

விஷயம் இதுதான். அவர் ரிட்டயர் ஆக இன்னும் ஏழு மாதம். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தென்காசிப் பக்கம் சுரண்டையில் அவர் பங்குக்கு ஒரு மனை இருக்கிறது. அங்கே வீடு கட்டிக்கொண்டு வந்துவிடுவதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததை மனைவி தேவயானியிடம் இன்னும் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தார். அப்படி நேரம் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அதற்குள் வெள்ளிக்கிழமை மத்தியானம், ரசம் ஊற்றிக்கொண்டே தேவயானி சொன்னாள்:

"பொற்கொடியோட மாமா திருவதிகையில வீட்டை விக்கிறாராம். ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வரோம். கார் நான் எடுத்துக்கறேன்."

"ம்" என்றார் சிவப்பிரகாசம்.

அந்த 'ம்' தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பொற்கொடி பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. திருவதிகை அவள் பிறந்த ஊர். அவளும் தேவயானியும் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால் அது முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். போன வருஷம் தேவயானி கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். இவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த காலை நேரமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் தபாலில் வந்தபோது வீட்டில் இருந்து கையெழுத்துப் போட்டு வாங்கியவர் சிவப்பிரகாசம்தான். உறையில் யார் பெயர் என்று அப்புறம்தான் பார்த்தார்.

தன்னால் சொல்ல முடியாததைக் காரை விட்டுச் சொல்லவைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அந்த வாஷ்பேசின் பக்கத்தில்தான்.

தேவயானி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பவள். சனிக்கிழமை காலையில் முன்னறை முழுக்கப் பிள்ளைகள். உள்ளே பதினெட்டுப் பேனாக்கள் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தன. சிவப்பிரகாசம் மெதுவாக வெளியே வந்து காரின் பானெட்டைத் திறந்தார்.

பேட்டரி வயரைக் கழற்றிவிடலாம். ஆனால் அதைப் பொற்கொடியின் புருஷன் இளவழகனே கண்டுபிடித்துவிடுவான். டயரில் காற்றை இறக்கலாம். அது தொழிலுக்கே அவமானம். பானெட்டுக்குள் ஓரமாக ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் வரிசையாக ஃபியூஸ்களும், சின்னச் சின்னக் கட்டிகளாக ரிலேக்களும். விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் கரண்ட்டைத் திறந்துவிடுகிற வேலை அந்தக் கட்டிகளுடையது. பெட்ரோல் பம்ப்புக்கான ரிலேயை மட்டும் எடுத்துவிட்டால், செல்ஃப் அடிக்கும், இன்ஜின் சுற்றும், பெட்ரோல் மட்டும் வராது. பார்த்தால் வண்டி நல்லபடியாக முயற்சி செய்கிற மாதிரியே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

வலிக்காமல் பல் பிடுங்குகிறவர் போல அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனசுக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஓடுகிற வண்டியை நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் தேவயானி சாவியைத் திருப்பினாள். கார் கர் கர் என்றது. நின்றது. மறுபடி கர் கர்.

"ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன். சுத்துது, பிடிக்க மாட்டேங்குது."

சிவப்பிரகாசம் வந்தார். பானெட்டைத் திறந்து, தலையைக் குனிந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். நிமிர்ந்தார்.

"பம்ப் போயிருச்சு."

"என்ன செய்யணும்?"

"புதுசு போடணும். சென்னையிலேர்ந்து வரணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா?"

"பன்னெண்டுகூட ஆகலாம்."

தேவயானி அவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டில் அவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

இந்த இடத்தில் சிவப்பிரகாசத்தின் வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொரோனா ஊரடங்கின்போது கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. பண்ருட்டி, வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மெக்கானிக்குகள் சந்தேகம் கேட்டு அவருக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி மாளாமல் 'பழுது பார்ப்போம்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தார். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். லிங்க் வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரே ஒரு நிபந்தனை. கேள்வி கேட்கும் முன்னால் நாலு விஷயம் சொல்ல வேண்டும்: என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கோளாறு எப்போதிலிருந்து, கடைசியாக வண்டியில் யார் என்ன செய்தார்கள்.

"பானெட்டைத் தொறக்கறதுக்கு முன்னாடி வாயைத் தொற. ஓட்டுறவங்ககிட்ட கேளு. பாதிப் பழுது அவங்க சொல்லிடுவாங்க" என்பது அவர் அடிக்கடி அனுப்பும் குரல் செய்தி.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. வடலூரில் ஒரு மெக்கானிக், வேன் சூடாகிறது என்று ரேடியேட்டரை மாற்றினான். தண்ணீர் பம்ப்பை மாற்றினான். மறுபடியும் சூடானது. சிவப்பிரகாசம் டிரைவரிடம் நாலாவது கேள்வியைக் கேட்கச் சொன்னார். ஒன்றுமில்லை, முதலாளி தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழா பேனரை வேனின் மூக்கில் இழுத்துக் கட்டியிருந்தார். காற்றுப் போக வழியில்லை. பேனரை அவிழ்த்தார்கள். வண்டி குளிர்ந்தது.

இந்தக் குரல் செய்திகளையெல்லாம் அவர் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்துதான் பேசுவார். அனுப்பியதைத் தானே ஒரு தடவை சத்தமாகப் போட்டும் கேட்பார். பக்கத்தில் தேவயானி சிவப்பு மைப் பேனாவோடு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பாள். அவள் காதில் அதெல்லாம் விழும் என்று அவர் நினைத்ததேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட். பத்து மணிக்குக் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்து போனைத் திறந்தார். 'வளர்மதி ஆட்டோ ஒர்க்ஸ்' என்று குரூப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். சேர்ந்த கையோடு ஒரு கேள்வி.

'வணக்கம் ஐயா. பெட்ரோல் கார். எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். கோளாறு நேற்றிலிருந்து. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கடைசியாகச் செய்தது என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.'

சிவப்பிரகாசத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆறு வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லியும் ஒருத்தன் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. எழுத்துப்பிழைகூட இல்லை.

'இப்படிக் கேட்கத் தெரிந்தவர் பாதி மெக்கானிக். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முதலில் ஒரு பாராட்டு. பிறகு பாடம்.

'செல்ஃப் அடிக்கிறது என்றால் பேட்டரியைத் தொட வேண்டாம். சாவியைப் பாதி திருப்பி நிறுத்துங்கள், ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பின் சீட்டுக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். இரண்டு நொடி பம்ப் ரீங்காரம் கேட்க வேண்டும்.'

'கேட்கவில்லை ஐயா.'

'உடனே பம்ப்பை மாற்றாதீர்கள். பம்ப் கெட்டிருக்கலாம், கரண்ட் வராமலும் இருக்கலாம். சுலபமானதை முதலில் பாருங்கள். ஃபியூஸ் எப்படி?'

'ஃபியூஸ் நன்றாக இருக்கிறது ஐயா. அப்படியென்றால் பார்த்தவுடனே பம்ப் போய்விட்டது என்று யாராவது சொன்னால்?'

'அவன் மெக்கானிக்கே இல்லை' என்று எழுதினார் சிவப்பிரகாசம். கட்டை விரல் உயர்த்திய படங்கள் நாற்பது வந்தன. டீ ருசியாக இருந்தது.

'அடுத்து ரிலே. பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். பம்ப் ரிலே எந்தக் குழி என்று பாருங்கள்.'

பதில் வந்தது.

'அந்தக் குழி காலியாக இருக்கிறது ஐயா.'

சிவப்பிரகாசத்தின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. சேச்சே, என்று கையைக் கீழே இறக்கினார். இந்த ஜில்லாவில் எத்தனையோ கார் இருக்கிறது.

அடுத்து ஒரு போட்டோ வந்தது. கறுப்புப் பெட்டி, காலிக் குழி, மூடியைப் பிடித்திருக்கும் ஒரு கை. அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் சிவப்பு மை.

கேன்டீன் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு வேர்த்தது.

குரூப்பில் மற்றவர்கள் விடவில்லை. குறிஞ்சிப்பாடி மெக்கானிக் பாவாடை குரல் செய்தி போட்டான். "ரிலே தானா எறங்கி நடந்து போவாதுங்க. யாரோ புடுங்கிகினு போயிருக்கான்."

வடலூர்க்காரன்: "சார் சொல்ற நாலாவது கேள்வி. கடைசியா பானெட்டைத் தொறந்தது யாரு?"

'வீட்டுக்காரர்' என்று பதில் வந்தது வளர்மதி ஆட்டோ ஒர்க்ஸிலிருந்து.

"வூட்டு ஓனருங்களா?"

'இல்லை. வீட்டுக்காரர்.'

"அப்படின்னா அந்தாளு பாக்கெட்டைத் தொழாவிப் பாக்கச் சொல்லுங்க" என்றான் பாவாடை. சிரிக்கிற மூஞ்சிகள் மளமளவென்று விழுந்தன.

'ஐயா, இன்றைக்கே வண்டி போயாக வேண்டும். என்ன செய்யலாம்?'

சிவப்பிரகாசம் எழுதினார்: 'வண்டியை எடுக்க வேண்டாம். வேறு ரிலே போட்டால் வயரிங் எரிந்துவிடும்.'

அனுப்பவில்லை. விரல் அதன் மேலேயே நின்றது. அது பொய். நாளைக்கு விருத்தாசலத்தில் ஒருத்தன் இதை நம்பி, நடுரோட்டில் நிற்கிற ஒரு குடும்பத்திடம், 'எரிந்துவிடும், எங்க குரூப் சார் சொல்லியிருக்கார்' என்பான். கைப்பிள்ளையோடு யாராவது வெயிலில் நிற்பார்கள். இந்த ஆறு வருஷத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். தெரிந்ததை மாற்றிச் சொன்னதில்லை.

எழுதியதை அழித்தார். ஒரு வாய் டீ குடித்தார். ஆறியிருந்தது.

'சாவியை எடுத்துவிடுங்கள். ஹாரன் ரிலேயைப் பிடுங்கி அந்தக் குழியில் போடலாம். கால்கள் தானாகப் பொருந்த வேண்டும், அமுக்கித் திணிக்கக் கூடாது. இரண்டு ரிலேயின் தலையிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும்.'

'பம்ப் ரிலேதான் இல்லையே ஐயா. அதன் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்?'

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். சிவப்பிரகாசம் அக்கம்பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ரிலேயை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து அனுப்பினார்.

"சாருக்கு நம்பர்கூட மனப்பாடம்" என்றான் வடலூர்க்காரன்.

"கையில வச்சிப் படிக்கிற மாரியே சொல்றாரு பாருங்க" என்றான் பாவாடை.

ஐந்து நிமிஷம் கழித்து: 'அதே நம்பர்தான் ஐயா. போட்டேன். பிடித்துவிட்டது. மிக்க நன்றி.'

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. ஹாரன் ரிலேயை எடுத்தாயிற்று. இனி ஹாரன் அடிக்காது. ஞாயிற்றுக்கிழமை, பண்ருட்டி ரோடு, லாரியும் பஸ்ஸும். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'ஹாரன் இல்லாமல் ரோட்டில் எடுக்காதீர்கள்' என்று அனுப்பினார். ஒற்றை டிக்கோடு நின்றது. தேவயானிக்குப் போன் போட்டார். எடுத்தது பொற்கொடி.

"அக்கா வண்டி ஓட்டிகினு இருக்காங்கண்ணே. ஓட்டும்போது போன் பேசமாட்டாங்களாம்."

பதற்றம் வந்தால் சிவப்பிரகாசத்துக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "எங்க நிக்கிய? வண்டிய ஓரங்கட்டச் சொல்லும்மா. அதுல ஹாரன் கெடையாது. நான் சொல்லுதேன் கேளு."

"தெரியும்ணே. அதுக்குத்தான் நான் முன்னாடி உக்காந்துகினு இருக்கேன்."

"நீ உக்காந்து?"

"யாராவது குறுக்க வந்தா ஜன்னல்ல தலைய நீட்டி, தள்ளிப் போங்கன்னு சொல்லிகினு வரேன். மரியாதையாத்தான் போறாங்க. ஹாரனுக்குக்கூட இவ்ளோ மரியாதை இல்லண்ணே."

"அந்த வளர்மதி யாரு?"

"என் பொண்ணுதாண்ணே. அக்கா நம்பரு உங்களுக்குத் தெரியுமே, அதான் அது போனுலேர்ந்து."

சிவப்பிரகாசம் அவசரமாகப் பர்மிஷன் எழுதிக் கொடுத்தார். கம்பெனி பஸ் பிடித்து டவுன்ஷிப் முகப்பு ஆர்ச் கேட்டுக்கு வந்து, அங்கிருந்து பண்ருட்டி பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம், ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கார் நசுங்கி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். இல்லை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வர வர யோசனையும் வந்தது.

சுரண்டைக்குப் போக வேண்டும் என்று தனக்கு அப்படி என்ன ஆசை? ஊரைவிட்டு வந்தபோது வயசு இருபத்திரண்டு. இப்போது அங்கே தெரிந்த முகம் பத்துக்கூட இருக்காது. போன வருஷம் ரிட்டயரான ஒருவரை நினைத்துக்கொண்டார். அவர் தினமும் காலை ஐந்தரைக்குப் பஸ் ஸ்டாப்புக்கு வருவார். கம்பெனி பஸ் வரும், எல்லாரும் ஏறுவார்கள், அவர் கை காட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். கழுத்தில் அடையாள அட்டை இருந்த இடத்தில் கை தடவிக்கொண்டே பேசுவார். அதைப் பார்த்துத்தான் சிவப்பிரகாசம் சுரண்டை என்று சொல்ல ஆரம்பித்தார். நெய்வேலி கண்ணுக்கே தெரியாத ஏதாவது ஓர் ஊர் வேண்டும். அவ்வளவுதான். இதைத் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. தனக்கே இப்போது, இந்தப் பஸ்ஸில்தான் தெரிகிறது.

பண்ருட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திருவதிகை போனார். பொற்கொடியின் மாமா வைத்திலிங்கத்தின் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கார் சுவரோரமாக, பின்பக்கமாக எடுத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தப்பட்டிருந்தது. அவரே நிறுத்தியிருந்தாலும் அதைவிட நேராக நிறுத்தியிருக்க மாட்டார். அது கொஞ்சம் வலித்தது.

தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தார். பானெட்டைத் தூக்கி, பையிலிருந்த ரிலேயை ஹாரன் குழியில் வைத்து அழுத்தினார். டக். உள்ளே உட்கார்ந்து ஹாரனை அடித்தார்.

தேவயானி வாசலுக்கு வந்தாள். திட்டவில்லை. இடுப்பில் கை வைக்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"உள்ள வாங்க. பொற்கொடியோட அத்தை இட்லி வச்சிருக்காங்க."

"தேவி, எப்படிக் கண்டுபிடிச்சே?"

அவள் காரின் மறுபக்கத்துக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர், எப்போலேர்ந்து, கடைசியா யாரு தொட்டாங்க. முகம் தெரியாதவன்கிட்டகூட நாலும் கேப்பீங்க. நேத்து என்கிட்ட ஒண்ணுகூடக் கேக்கல. கண்ணை மூடுனீங்க, விடை சொல்லிட்டீங்க. கணக்குல ஸ்டெப்பே இல்லாம விடை வந்தா என்ன அர்த்தம்? பின்னாடி பார்த்து எழுதினதுன்னு அர்த்தம்."

"அதை என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னொண்ணு சொல்லியிருப்பீங்க. என்கிட்ட பொய் சொல்லுவீங்க. வண்டி விஷயத்துல உங்க குரூப்காரங்ககிட்ட சொல்ல மாட்டீங்க. அதான் நான் மெக்கானிக்கா வந்தேன்."

சிவப்பிரகாசம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பஸ்ஸில் யோசித்ததைச் சொன்னார். சுரண்டையைப் பற்றி. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்த மனிதரைப் பற்றி. அடையாள அட்டையைப் பற்றி.

தேவயானி முழுக்கக் கேட்டாள்.

"இதை இத்தனை நாள் சொல்லவேயில்லையே" என்றாள்.

"நீ கேக்கல."

"நீங்களும் என்னைக் கேக்கல."

ரெண்டு பேரும் முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாய் குறுக்கே போயிற்று. இப்போது ஹாரன் இருந்தது. அடிக்கத் தோன்றவில்லை.

"மூணு குவார்ட்டர்ஸ் மாறியாச்சு" என்றாள் அவள். "ஒரு ஆணி அடிக்கணும்னாலும் யோசிச்சிருக்கேன், நம்ம சுவர் இல்லையேன்னு. நம்ம பேர்ல ஒரு சுவர் வேணும்னு தோணிச்சு. அது சுரண்டையில இருந்தா நான் யாருக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறது? இங்க பிள்ளைங்க என்னைத் தேடி வரும்."

"தம்பிக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

"போன வாரம் அவர் வீட்டுல போன் பண்ணாங்க. அந்த மனையில தென்னை வச்சு ரெண்டு வருஷம் ஆகுதாம். உங்ககிட்ட சொல்ல உங்க தம்பி நல்ல நேரம் பார்த்துக்கிட்டு இருக்காராம்."

தம்பி தன் ரத்தம்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

இட்லி சாப்பிட்ட பிறகு வைத்திலிங்கம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். மகளோடு இருக்கக் கடலூர் போகிறாராம். இரண்டு அறை, சமையலறை, கிணறு. சிவப்பிரகாசம் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். பக்கவாட்டில் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார்.

ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய ஷெட். உயரமான தகரக் கூரை. சிமென்ட் தரை. மூன்று பக்கமும் வெளிச்சம்.

"முந்திரி காய வச்சிக் குமிக்கறதுக்குக் கட்டினதுங்க" என்றார் வைத்திலிங்கம். "இப்ப சும்மாதான் கெடக்குது."

சிவப்பிரகாசம் ஷெட்டுக்குள் நடந்து பார்த்தார். இரண்டு கார் தாராளமாக நிற்கும். அந்த மூலையில் டூல்ஸ் மாட்டலாம். பாவாடை, வடலூர்க்காரன் எல்லாரும் போனில் கேட்கிறதை நேரிலேயே வண்டியைக் கொண்டுவந்து காட்டலாம். அடையாள அட்டை இல்லாமலே தன்னைத் தேடி வருவார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து, ஒரு வார்த்தை சொல்லாமல், தனக்காகவே இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் தேவயானி. இவளையா காரை வைத்துத் தடுக்கப் பார்த்தோம் என்று அவருக்குக் கண் கலங்கியது.

"தேவி, எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க. நாங்களே எடுத்துக்கிறோம்."

"நெசமாவா சொல்றீங்க?" என்றார் வைத்திலிங்கம்.

"நான் சொன்னா சொன்னதுதான்" என்றார் சிவப்பிரகாசம். அந்த வாக்கியத்தை வீட்டு விஷயத்தில் சொல்வது அவருக்குப் புதுசு. சொல்லிப் பார்த்தபோது நன்றாக இருந்தது.

தேவயானி கைப்பையைத் திறந்து ஒரு அளவு டேப்பை எடுத்தாள். ஒரு முனையைப் பொற்கொடியிடம் கொடுத்தாள். ரெண்டு பேரும் ஷெட்டின் நீளத்தை அளந்தார்கள்.

"வரிசைக்கு நாலு பெஞ்ச், ஆறு வரிசை தாராளமாப் போடலாம்" என்றாள். "போர்டு அந்தப் பக்கம். வெளிச்சம் கண்ணுல அடிக்காது."

"பொம்பளைப் புள்ளைங்க சைக்கிள் நிறுத்த எடம்?" என்றாள் பொற்கொடி.

"முன்னாடியே விட்டுக்கலாம்."

சிவப்பிரகாசம் டூல்ஸ் மாட்ட நினைத்த மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

"இது ட்யூஷனுக்கா?"

"பின்ன? முன்னறையில பதினெட்டுப் பேருக்கு மேல உக்காரவைக்க முடியல. இதைப் பார்த்துத்தான் வீட்டையே பார்க்க வந்தேன்." டேப்பைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். "நீங்க எதுக்குன்னு நினைச்சீங்க?"

அவர் வைத்திலிங்கத்தைப் பார்த்தார். வைத்திலிங்கம் உள்ளே போய், மகளுக்குப் போன் போட்டு, வீடு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவுக்கே கேட்டது.

"சும்மாத்தான் கேட்டேன்" என்றார் சிவப்பிரகாசம்.

"கிணத்துப் பக்கம் கொஞ்சம் இடம் கிடக்கு" என்றாள் தேவயானி. குரலில் கேலி இல்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள். "ஒரு ஓலைக் கொட்டகை போட்டா உங்க வண்டிங்களை அங்க பார்க்கலாம். பிள்ளைங்களுக்குப் பரீட்சை நேரத்துல மட்டும் சத்தம் இல்லாமப் பார்த்துக்கணும்."

கிணற்றுப் பக்கம் போய்ப் பார்த்தார். ஒரு கார் நிற்கும். சின்னக் காராக இருந்தால் கதவைத் திறக்கவும் முடியும். நிழல் இருந்தது. தண்ணீர் பக்கத்திலேயே. யோசிக்க யோசிக்க, அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதற்கு அவருக்கு முப்பத்தோரு வருஷப் பழக்கம் இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். வண்டியைச் சரி செய்து கொடுத்ததும் தான்தான், வீட்டின் முடிவைச் சொன்னதும் தான்தான் என்ற நினைப்பில், சிவப்பிரகாசம் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே டிரைவர் பக்கம் போனார். சீட்டில் தேவயானி உட்கார்ந்து, கண்ணாடியைத் தனக்குத் தக்கபடி திருப்பிக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு சாவி இருந்தது. சரி, என்று காரைச் சுற்றிக்கொண்டு முன்பக்க மறு கதவுக்கு வந்து கைப்பிடியில் கை வைத்தார்.

உள்ளேயிருந்து பொற்கொடி ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினாள்.

"பின்னாடி ஏறிக்கங்கண்ணே. அப்படியே பம்ப்பு சத்தத்தையும் கேட்டுகினு வரலாம்."